இரண்டாந் திரை இருண்டது ஏன்?

கணினியைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவதா என்று வாசகர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். சுளிக்கட்டும். நான் சொல்ல எடுத்துக்கொண்டது படிக்கும் முறை பற்றிய விஷயம். ஒரு நூலிலே பாடம் பிழைத்தவிடத்து உரையாசிரியன் எதைச் செய்வானோ, அதையே இயந்திரம் பிழைத்தவிடத்தும் நாம் செய்தல் வேண்டும் என்பது என் கட்சி. அதனோடு இன்னொன்றும் சொல்வேன்: படிக்க இடந்தராத பொருளைத் திருத்தவும் இயலாது. இவ்விரண்டுக்கும் என் மேசைமேலிருக்கும் இரண்டு திரைகளே சான்று.

சில ஆண்டுகளாக ஏட்டுச் சுவடிகளின் ஒளிப்படங்களைக் கணினியில் வைத்துக்கொண்டு பெயர்த்தெழுதி வருகிறேன். ஏட்டின் படம் ஒரு திரையில். என் பிரதி மற்றைத் திரையில். ஏட்டிலே பெரும்பாலும் புள்ளியிராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவாயிருக்கும். கால் எது, ரகரம் எது என்று தெரியாமல் மயங்கவேண்டிவரும். ஒரே திரையில் ஏட்டையும் பிரதியையும் மாறி மாறிப் பார்த்தால் கண் ஒரு வரி தாவிவிடும். நான் தாவிய வரியை எனக்குப் பின் என் பிரதியைப் பார்த்தெழுதுவோனும் தாவுவான். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஏடுகளும் சாம்பலாயின. அப்படிப் போனவற்றுக்குப் பிரதி எங்கே என்று தேடித் திரிந்த தலைமுறை எங்களுடையது. ஆகவே இரண்டாந் திரையை நான் ஆடம்பரம் என்று எண்ணுவதில்லை.

என்னுடைய மடிக்கணினி லினக்ஸிலே இயங்குவது. விடுமுறை முடிந்து ஒரு நாட் காலை அதனைத் திறந்தேன். மடிக்கணினியின் சொந்தத் திரை ஒளிர்ந்தது. வயர் மூலம் பூட்டியிருந்த பெரிய திரையோ, சமிக்ஞை இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுபோயிற்று.

அருகிலிருந்த சக ஆசிரியர் சிரித்தார். "பண்டிதர், காசு கொடாமல் வந்த பொருள் இவ்வளவுதான் செய்யும். விலைகொடுத்து வாங்கியதைப் போட்டுவிட்டு வேலையைப் பாரும்," என்றார். உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் உதவிக்கு வந்தான். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். எங்கெங்கோ கண்டு குறித்து வைத்திருந்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தான். கணினி தொடங்கும்போது கேர்னலுக்குச் சொல்லும் சொற்களோடு 'நோமோட்செட்' என்றொரு சொல்லையும் சேர்த்தான். மீண்டும் தொடங்கினோம். இரண்டாந் திரை வரவில்லை. முதற்றிரையும் எழுத்துப் பெருத்து, மங்கி, அலங்கோலமாய் வந்தது. ஒரு நோய் இரண்டாயிற்று.

"தம்பி, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன?" என்று கேட்டேன்.

"தெரியாது ஐயா. வேறொருவருக்கு அதனால் சரிவந்ததாம்."

இந்த ஒரு மறுமொழிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வேறொருவருக்குச் சரிவந்தது என்பதற்காக ஒரு மருந்தை விழுங்குவாருண்டோ? மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியனுக்கு ஒரு முறை வகுத்திருக்கிறார். நோய் இன்னதெனத் துணிதல், அதன் காரணத்தைத் துணிதல், தணிக்கும் வழியைத் துணிதல், அதன் பின்னரே செய்தல் என்பது அம்முறை. நம் மாணாக்கர் அதிகாரத்தை மனனஞ் செய்து புள்ளிகள் பெறுகின்றனர். கணினிக்கு முன் உட்கார்ந்ததும் முதல் மூன்றையும் விட்டுக் கடைசியிற் போய் நிற்கின்றனர்.

அந்தச் சொல்லின் பொருளை நாங்கள் இருவரும் தேடிப் படித்தோம். திரையின் அளவையும் அமைப்பையும் கேர்னல் தானே ஒழுங்குசெய்வதைத் தடுப்பது அது. லினக்ஸை நிறுவும்போது திரை முழுவதும் இருண்டுபோனவருக்கு, ஒரு எளிய படமாவது தெரியட்டும் என்று கொடுக்கும் தற்காலிக மருந்து. அதனை இட்டால் திரைக்குரிய முறையான இயக்கிகள் வேலை செய்யா. இரண்டு திரை வேண்டும் என்று நிற்பவனுக்கு அது நஞ்சு. முதல் வேலையாக அதனை நீக்கினோம். முதற்றிரை பழையபடி தெளிந்தது.

இனி, முறையாக ஆராயலானோம். திரையில் ஒரு படம் தோன்றுவதற்கு நான்கு படிகள் உள. வயரும் திரையும் ஒன்று, கேர்னல் இரண்டு, கிராபிக்ஸ் சில்லை ஆளும் இயக்கி மூன்று, படத்தைத் திரைகளிற் பங்கிட்டு வைக்கும் மேசைத்தளம் நான்கு. கீழ்ப்படியிலிருந்து மேலே செல்லுதல் வேண்டும். படி தாண்டினால் வழி தவறும்.

முதற்படியில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஒவ்வொரு திரையும் தன்னுள்ளே ஒரு பாயிரம் வைத்திருக்கிறது. இ.டி.ஐ.டி. என்பது அதன் பெயர். அதன் முதற் பகுதி 128 பைட்டு அளவினது. செய்த கொம்பனி, வகை, செய்யப்பட்ட ஆண்டு, காட்டக்கூடிய அளவுகள் எல்லாம் அதனுள் அடங்கும். வயரைப் பூட்டியதும் கணினி இப்பாயிரத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிறது. எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்: 128 பைட்டுகளையும் கூட்டினால் வருந்தொகை 256ஆல் மீதியின்றி வகுபடல் வேண்டும். ஏடெழுதுவோர் இறுதியிலே செய்யுட்டொகையை எண்ணிக் குறித்து வைப்பது நினைவுக்கு வருகிறது. வயர் பழுதானாலும், இடையிற் பூட்டிய மாற்றி மலிவானதாயிருந்தாலும் இப்பாயிரம் சிதையும். சிதைந்தால், கணினி தன் எதிரில் நிற்பது இன்ன திரையென்று அறியாது. ஏதோ ஒரு சிறிய அளவை ஊகித்துக் காட்டும், அல்லது காட்டாமலே விடும். எங்கள் திரையையும் வயரையும் வேறொரு கணினியிற் பூட்டிப் பார்த்தோம். நன்றாகத் தெரிந்தது. முதற்படியிற் குற்றமில்லை.

இரண்டாவது, கேர்னல். தான் காணும் ஒவ்வொரு திரைவாயிலுக்கும் அது ஒரு கோப்பு வைத்து, அதிலே இணைந்துள்ளது அல்லது இணையவில்லை என எழுதி வைக்கிறது. எவரும் திறந்து படிக்கலாம். இணையவில்லை என்றிருந்தால் வயரை ஐயுறுக. இணைந்துள்ளது என்றிருந்தும் படமில்லையாயின் மேற்படிகளை ஐயுறுக. எங்களுக்கோ இரண்டுமில்லை. மடிக்கணினியின் சொந்தத் திரைக்கு ஒரு பெயர் இருந்தது. பெரிய திரையைப் பூட்டும் எச்.டி.எம்.ஐ. வாயிலுக்குப் பெயரேயில்லை. அவ்வாயில் உண்டென்பதையே கேர்னல் அறியவில்லை!

அறியாமைக்குக் காரணம் மூன்றாம்படியில் இருந்தது. இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் கிராபிக்ஸ் சில்லுகள் இரண்டு. மின்கலத்தைச் சிக்கனமாய்ச் செலவிடுவது ஒன்று. பாரமான வேலை செய்வது மற்றொன்று. சொந்தத் திரை முதலாவதோடும், வெளி வாயில் இரண்டாவதோடும் பிணைக்கப்பட்டிருத்தல் உண்டு. இரண்டாவது சில்லின் இயக்கி எழும்பாவிட்டால் அதனோடு பிணைந்த வாயிலும் இல்லாததாகிவிடும். எந்தச் சில்லை எந்த இயக்கி ஆளுகின்றது எனக் காட்டும் கட்டளை 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்பது. அதனை விளக்கமாய்க் காட்டும்படி ஏவினோம். முதற்சில்லுக்கு நேரே இயக்கியின் பெயர் இருந்தது. இரண்டாவதற்கு நேரே அந்த வரியைக் காணோம்.

அந்த இயக்கி, சில்லைச் செய்த கொம்பனியே மூலத்தை வெளியிடாது கொடுத்த ஒன்று. கேர்னலுக்குப் புறம்பாக நிற்பது. கேர்னல் மாறுந்தோறும் அதற்கேற்பப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். 'டி.கே.எம்.எஸ்.' என்னும் ஏவலாள் அவ்வேலையைச் செய்யும். ஆனால் புதிய கேர்னலின் தலைப்புக் கோப்புகள் கணினியில் இருந்தால்தான் செய்யும். விடுமுறையில் நான் கேர்னலைப் புதுப்பித்தேன். தலைப்புக் கோப்புகளைச் சேர்க்கவில்லை. பழைய கேர்னலுக்குக் கட்டிய இயக்கி பழையதோடு நின்றுவிட்டது. புதியதற்கு இயக்கியே இல்லை. கணினியின் பதிவேட்டிலே இது அன்றே எழுதப்பட்டிருந்தது. நான் படிக்கவில்லை. சக ஆசிரியர் லினக்ஸை வைதார்; மாணாக்கன் வயரை வைதான்; நான் கொம்பனியை வைதேன். பிழையோ என்னுடையது.

தலைப்புக் கோப்புகளைச் சேர்த்து, இயக்கியைக் கட்டி, மீண்டும் தொடங்கினோம். இரண்டாந் திரை விழித்தது. முதலில் முதற்றிரையிலுள்ளதையே அதுவும் காட்டியது. கூறியது கூறல் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றல்லவா? மேசைத்தளத்தின் திரை அமைப்பிலே சென்று, இது முதற்றிரைக்கு வலப்பக்கத்து நீட்சி என்று சொல்லி அக்குற்றத்தையும் நீக்கினோம்.

இதே அறிகுறிக்கு வேறு காரணமும் இருக்கலாம். செக்கியூர் பூட் என்னும் காவல் இயங்கும் கணினிகளில், கையொப்பமிடாத இயக்கியைக் கேர்னல் உள்ளே விடாது. அப்பொழுது சாவி மறுக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி பதிவேட்டில் இருக்கும். அங்கே தலைப்புக் கோப்பைத் தேடிப் பயனில்லை. சாவியைப் பதிந்துகொள்ள வேண்டும். அறிகுறி ஒன்றாயினும் நோய் வேறாகலாம். வேறொருவருக்குச் சரிவந்த மருந்து நமக்கு ஏன் சரிவராது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

புறநானூற்றிலே 267ஆம், 268ஆம் செய்யுட்கள் கிடைத்தில. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த சாமிநாதையர் அவ்விடத்தைத் தம் பாட்டால் நிரப்பவில்லை. பதிப்பாசிரியனுக்குரிய அந்த அடக்கத்தைத்தான் மாணாக்கன் கணினிக்கு முன்னும் கற்றல் வேண்டும். தெரியாதவிடத்தில் எதையாவது இட்டு நிரப்புதல் கூடாது.

நிற்க. பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்த இயக்கி கேர்னலுக்குப் புறம்பாக நிற்பானேன்? முதற்சில்லின் இயக்கி கேர்னல் மாறியபோது தானும் மாறிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்ததே! அதற்கு நான் எந்தத் தலைப்புக் கோப்பையும் தேடவில்லையே!

விடை மூலத்தில் இருக்கிறது. லினக்ஸ் கேர்னலை ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கினார். 1992இலே ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் அதனை விடுத்தார். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்பது அவ்வுரிமத்தின் கருத்து. கேர்னலின் உள்ளமைப்பு மாறாதிருக்கும் என்று அதனை ஆக்குவோர் உறுதி தருவதில்லை, வேண்டுமென்றே தருவதில்லை. உள்ளே இருக்கும் இயக்கிகளின் மூலம் அவர்கள் கையில் இருப்பதால், ஒரு சூத்திரத்தை மாற்றும்போது அதனைச் சார்ந்த இடங்களையெல்லாம் அவர்களே உடன் திருத்திவிடுகிறார்கள். பெட்டிக்குள்ளே பூட்டி வைத்த இயக்கியை அவர்கள் எங்ஙனம் திருத்துவர்?

இந்த வழக்கு புதியதன்று. 1980ஐ அடுத்த காலத்தில் அமெரிக்காவிலே எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் ஓர் அச்சு இயந்திரத்தோடு மல்லாடினார். தாள் சிக்கினால் பயன்படுத்துவோருக்கு அறிவிக்கும்படி பழைய இயந்திரத்தின் நிரலை அங்கே திருத்தி வைத்திருந்தார்கள். புதிய இயந்திரத்தின் மூலநிரல் அவர்களுக்குக் கிட்டவில்லை, கேட்டும் கொடுத்தாரில்லை. 1983இல் அவர் குனூ என்னும் பெருந்திட்டத்தை அறிவித்தார். அவ்வெண்ணத்துக்கு வித்திட்டவற்றுள் அந்த அச்சு இயந்திரமும் ஒன்று. ஒரு சிறு பழுதைத் திருத்த இடங்கொடாமை எவ்வளவு பெரிய காரியத்துக்குக் காரணமாயிற்று பாருங்கள்!

கிராபிக்ஸ் சில்லுகளிலும் இவ்வழக்கு நெடுநாள் நடந்தது. இன்டெல் தன் சில்லுகளுக்குத் திறந்த இயக்கியையே கேர்னலினுள் வைத்து வளர்த்தது. ஏ.எம்.டி. 2007 முதல் தன் சில்லுகளின் விவரங்களை வெளியிடலாயிற்று. 2015இல் அதன் புதிய திறந்த இயக்கி கேர்னலிற் சேர்ந்தது. என்விடியா நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. 2012இல் பின்லாந்தில் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கூட்டத்திலே டோர்வால்ட்ஸ் அக்கொம்பனியைச் சபையறியக் கடிந்துகொண்டார். அவர் பேசிய முறையை நான் மாணாக்கருக்குச் சொல்லமாட்டேன். முறைப்பாட்டின் நியாயத்தை மறுக்கவும் மாட்டேன். இதற்கிடையில், ஆர்வலர் சிலர் அச்சில்லுகளின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்து, ஊகித்து, 'நூவோ' என்னும் திறந்த இயக்கியை எழுதினர். 2010இல் வெளிவந்த கேர்னலினுள் அது இடம்பெற்றது. மூலம் இல்லாமல் உரையை மட்டும் கொண்டு மூலத்தை மீட்டெழுதுவது போன்ற உழைப்பு அது. 2022 மே மாதத்தில் என்விடியாவும் தன் இயக்கியின் கேர்னற் பகுதியைத் திறந்து வெளியிட்டது. மேற்பகுதி இன்னும் மூடியதே. ஆயினும் திறந்த அளவுக்கு நன்றி சொல்லுதல் நம் கடன்.

நம்மவருக்கு இக்கதை விளங்காமற் போகாது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிலேற்றினார். ஏடுகள் செல்லரித்து அழிவதைக் கண்டு அவர் பட்ட வருத்தம் அவர்தம் பதிப்புரைகளிற் பதிந்திருக்கிறது. ஏடு தம் வீட்டில் இருப்பதே பெருமை என்று பூட்டி வைத்தவர்களும் தமிழை வெறுத்தவர்களல்லர். ஆயினும் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது செல்லுக்கு இரையாயிற்று; பலர் கைக்கு வந்ததே பிழைத்தது, பலர் கண்பட்டதே திருந்தியது. ஒருவர் பதிப்பில் நேர்ந்த வழுவை இன்னொருவர் பதிப்பு நீக்கியதற்குக் காரணம், இருவருக்கும் மூலம் கிடைத்தமையேயாம்.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லத்தக்கனவும் உள. திறந்த இயக்கி என்றால் பழுதற்றது என்பதில்லை. மூடிய இயக்கி சில வேலைகளைத் திறந்ததிலும் விரைவாகச் செய்தல் உண்டு. நானே அதனாலன்றோ அதனை வைத்திருக்கிறேன். இனி, லினக்ஸிலே நான்காம்படியும் இப்பொழுது மாறிக்கொண்டிருக்கிறது. எக்ஸ் என்னும் பழைய ஏற்பாடு 1984இலே எம்.ஐ.டி.யிற் பிறந்தது. வேலண்ட் என்னும் புதியது 2008இலே தொடங்கப்பெற்றது. நுண்ணிய புள்ளிகள் நெருங்கிய மடிக்கணினித் திரையும் சாதாரண வெளித்திரையும் பக்கத்திற் பக்கமாய் இருந்தால், பழைய ஏற்பாட்டிலே ஒன்றில் எழுத்துச் சிறுத்தோ மற்றதிற் பெருத்தோ தெரியும். புதியதிலே ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு வகுக்கலாம். ஆனால் பழையதற்குப் பழகிய கருவிகள் சில புதியதில் உதவா. இரண்டு உலகத்துக்கு இடையே நிற்பவனுக்குச் சிரமந்தான். பாடவேளை நாற்பது நிமிடம். அதற்குள் திரையோடு மல்லாட நேரமேது என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அவரை நான் குறைகூறேன்.

ஆயினும் விலைகொடுத்து வாங்கிய அமைப்பிலும் திரை இருளாமலில்லை. அங்கே இருண்டால் அணைத்துப் போடுவோம். பின்னர் மீளவும் நிறுவுவோம். அதன் பின்னர் கடைக்காரரிடம் கொண்டுபோவோம். காரணம் இன்னதென்று கடைசிவரை அறியோம். இங்கே ஒரு முற்பகலிலே காரணத்தைக் கண்டோம். அந்த மாணாக்கன் கண்டதை இனி மறவான். கல்விச்சாலை ஒன்று எதற்காக இருக்கிறது என்பதை நினைத்தால், இவ்விரண்டனுள் நமக்கு உரியது எது என்பது தெளிவாகும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பாடசாலைத் தலைவர்களுக்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்வேன். கணினி வாங்கும்போது விலையையும் வேகத்தையும் கேட்பதோடு, இதன் கிராபிக்ஸ் இயக்கி கேர்னலினுள்ளே இருக்கிறதா, புறம்பாக நிற்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பார் பெருகினால் கொடுப்பாரும் திறப்பர். இரண்டாவது, பொருள் சொல்லத் தெரியாத கட்டளையை எந்த மாணாக்கனும் அடித்தல் கூடாது என்பதைக் கணினி அறையின் விதியாக வையுங்கள். செய்யுளுக்குப் பதவுரை கேட்கும் நாம் கட்டளைக்கும் கேட்கலாமே! மூன்றாவது, கண்ட பழுதையும் அதன் காரணத்தையும் தீர்த்த வழியையும் தமிழிலே ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு வருபவனுக்கு அது உரைநூலாக உதவும்.

எங்கள் கணினி அறையிலே அத்தகைய கொப்பி ஒன்று இப்பொழுது இருக்கிறது. அதன் முதற்பக்கத்தை அந்த மாணாக்கனே எழுதினான். காரணம் என்ற இடத்திலே, தலைப்புக் கோப்புகள் சேர்க்கப்படாமை என்று எழுதி, யாருடைய பிழை என்பதை மரியாதைக்காக விட்டுவிட்டான். நான் பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். பின்னர் இடத்திரையில் ஏட்டையும் வலத்திரையில் பிரதியையும் திறந்து, விட்ட வரியிலிருந்து தொடங்கினேன்.